சம்பளத்தோடு காய்ச்சல்

1

சிங்கப்பூரில் என் மாவு மில்லுக்கு இந்த வருஷம் எட்டு வயது முடிந்தது. அந்த நாள் காலையில் சாமி படத்துக்குப் பூப் போட்டேன், மிஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தேன். வேலையாட்கள் இரண்டு பேருக்கும் கொடுக்கச் சொல்லி என் மனைவி கமலா கேசரி கிண்டி அனுப்பியிருந்தாள். இரண்டு பேரில் ஒருவர்தான் சாப்பிட்டார். இன்னொருவரான எத்திராஜு, கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்து, கல்லாப் பெட்டி மேல் ஒரு சீட்டை வைத்தார்.

"மூணு நாள் எம்.சி. முதலாளி. தொண்டையெல்லாம் புண்ணு."

கேசரியைப் பார்த்தார். "இனிப்பு கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஊரில் இருப்பவர்களுக்கு எம்.சி. என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்று டாக்டர் எழுதிக் கொடுக்கும் சீட்டு. அதில் டாக்டரின் கையெழுத்து நமக்குப் புரியாது, புரியவும் வேண்டாம். எத்தனை நாள் என்பது மட்டும் தெளிவாக இருக்கும். அத்தனை நாளும் அவர் வீட்டில் இருக்கலாம், முதலாளி சம்பளம் கொடுத்தாக வேண்டும். சமீபத்தில் வந்த சட்டம் இது. பெரிய கம்பெனி, சின்னக் கடை என்ற பேதமெல்லாம் கிடையாது.

நல்ல சட்டம்தான். யாரும் ஆசைப்பட்டுக் காய்ச்சலை வரவழைத்துக்கொள்வதில்லை. ஆனால் எத்திராஜு படுத்திருந்தால் மிளகாய் தானாக அரைபடாது. அவர் இடத்தில் ஒரு தினக்கூலி ஆளை நிறுத்த வேண்டும். அவருக்கும் சம்பளம், இவருக்கும் சம்பளம். நூறு பேர் வேலை செய்யும் இடத்தில் ஒருவர் படுத்தால் வெளியே தெரியாது. என்னிடம் இருப்பதே இரண்டு பேர். ஒருவர் படுத்தால் பாதி மில் படுத்துவிடுகிறது. இதை யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. சொன்னால் கஞ்சன் என்பார்கள்.

2

நான் முசிறிக்காரன். அப்பாவுக்கு வாழைத் தோட்டம். எனக்கும் வாழைக்கும் ஒத்துவராது என்பது பள்ளிப் படிப்பு முடிவதற்குள் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அம்மாவின் தம்பி ஸ்ரீரங்கத்தில் வடக்கு வாசல் பக்கம் மாவு மில் வைத்திருந்தார். கணக்குப் பார்க்க ஆள் வேண்டும் என்றார், பஸ் ஏறிவிட்டேன். அது ஐம்பதுகளின் தொடக்கம்.

விடியற்காலையிலேயே மாமிகள் களைந்து உலர்த்திய அரிசியோடு, ஈரத்தலையும் மடியுமாக வந்து நிற்பார்கள். அவர்கள் மாவுதான் முதலில். மிளகாய் போன மிஷினில் அவர்கள் அரிசியைப் போட்டால் அன்றைக்கு மில்லில் பிரளயம்தான். அதனால் மிளகாய், மல்லியெல்லாம் மதியத்துக்கு மேல். மிஷினில் நிற்பவர் ராமையா. மூட்டை தூக்கவும் சலிக்கவும் ஜீயபுரத்திலிருந்து சைக்கிளில் வரும் சின்னத்தம்பி. ஆக அங்கேயும் இரண்டு பேர்தான்.

மாமாவின் மில்லில் காய்ச்சலுக்கு ஒரு நடைமுறை இருந்தது. படுத்த நாளுக்குச் சம்பளம் கிடையாது. அதை யாரும் கேட்டதும் இல்லை. ஆனால் பதிலுக்கு வீட்டிலிருந்து ஒருவர் வந்து வேலை செய்யலாம். அண்ணனுக்குக் காய்ச்சல் என்றால் தம்பி வருவார், கூலி அந்த வீட்டுக்கே போகும். மூன்றாம் நாளும் எழுந்திருக்கவில்லை என்றால் மாமா நேரில் போய்ப் பார்ப்பார்.

அவர் போவது ஒரு திருவிழா மாதிரி. முதல்நாளே "நாளைக்கு வரேன்னு சொல்லிடு" என்று ஆள் அனுப்புவார். மறுநாள் சலவை வேட்டி கட்டிக்கொண்டு, பாலம் தாண்டித் திருச்சிக்குப் போய், தெப்பக்குளத்துப் பக்கம் இருந்த ரொட்டிக் கடையில் ஒரு முழு ரொட்டியும், நாலு சாத்துக்குடியும் வாங்கி வருவார். அந்தக் காலத்தில் நம் பக்கத்தில் ரொட்டி என்பது காய்ச்சல்காரர் சாப்பாடு. மடியில் ரொட்டியை வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தால், பக்கத்து சீட்டில் இருப்பவர் முன்பின் தெரியாதவராக இருந்தாலும் "யாருக்கு உடம்பு சரியில்லைங்க?" என்று கேட்பார். மாமா இறங்கும் வரைக்கும் சொல்லிக்கொண்டே வருவார்.

ராமையாவுக்கு ஒரு தடவை டைபாய்டு வந்தது. கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லை. அதனால் பதிலுக்கு அவருடைய மனைவி அஞ்சலை வந்து சலித்தாள், சின்னத்தம்பி மிஷினில் நின்றார். அஞ்சலைக்குப் பெண்ணாள் கூலிதான். மாமா அதைத் தப்பு என்று நினைக்கவில்லை. அன்றைக்கு நானும் நினைக்கவில்லை.

மேலூர்ப் பக்கம் அவர்கள் வீடு. மாமாவோடு நானும் போயிருந்தேன். ராமையா கயிற்றுக் கட்டிலில் எலும்பும் தோலுமாகக் கிடந்தார். மாமாவைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தார்.

"படுப்பா, படு. என்னத்துக்கு எந்திரிக்கிற? மில்லப் பத்திக் கவலப்படாதே. நான் இருக்கேன்."

ராமையாவின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மாமாவுக்கும்தான். நானே மூக்கைத் துடைத்துக்கொண்டேன். அஞ்சலை எங்கள் இரண்டு பேருக்கும் காபி கொண்டுவந்தாள். நுரை பொங்க, சர்க்கரை தூக்கலாக.

3

இதையெல்லாம் எதற்கு எழுதுகிறேன் என்றால், கப்பலேறி இந்த ஊருக்கு வந்து இத்தனை வருஷம் கழித்து, எத்திராஜு படுத்த மூன்றாம் நாள் என் கால் தானாக ரொட்டிக் கடைக்குப் போனது. யோசித்துச் செய்த காரியம் இல்லை. ஒரு முழு ரொட்டி, நாலு ஆரஞ்சு. பஸ்ஸில் யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை.

எத்திராஜு இருப்பது சர்க்கார் கட்டிக் கொடுத்த அடுக்குமாடி வீட்டில், ஏழாவது மாடி. லிஃப்ட் ஐந்தாவதோடு நின்றுவிட்டது. மூச்சு வாங்க ஏறிப் போய்க் கதவைத் தட்டினேன். திறந்தது எத்திராஜுதான். கையில் திருப்புளி. பின்னால் தரையில் குழந்தையின் மூன்று சக்கர சைக்கிள் தலைகீழாகக் கிடந்தது.

என்னைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்தது. திருப்புளியை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். பிறகு இருமினார்.

"முதலாளி... சீட்டு குடுத்துட்டேனே. நம்பலையா?"

"அய்யோ, அதுக்கில்லைங்க. உடம்பு எப்படி இருக்குன்னு..."

"நாளைக்கு வேலைக்கு வந்துடுவேன். அதுதான் சீட்டுலயே போட்டிருக்கே."

ரொட்டியை நீட்டினேன். வாங்காமல் அதையே பார்த்தார். உள்ளே மேஜை மேல் பாதி தின்ற ஒரு ரொட்டி இருந்தது, பக்கத்தில் ஜாம் பாட்டில். அந்த வீட்டில் தினமும் காலையில் அதுதான் பலகாரம். அவருடைய மனைவி அடுப்படி வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். உட்காருங்கள் என்று யாரும் சொல்லவில்லை. ரொட்டியைச் செருப்பு வைக்கும் பலகை மேல் வைத்துவிட்டு, "உடம்பப் பார்த்துக்குங்க" என்று சொல்லி இறங்கினேன். ஏழு மாடியையும் படியிலேயே இறங்கினேன். அவமானமாக இருந்தது. யார் யாரை அவமானப்படுத்தியது என்று மட்டும் தெரியவில்லை.

4

அடுத்த வாரம் தொழிலாளர் இலாகாவிலிருந்து கூப்பிட்டு அனுப்பினார்கள். எத்திராஜு புகார் கொடுக்கவில்லையாம். யூனியனில் இருக்கும் அவர் மைத்துனர் கொடுத்தாராம். நோய் லீவில் இருக்கும் தொழிலாளியின் வீட்டுக்கு முதலாளி போய் மிரட்டினார் என்று புகார்.

மேஜைக்கு அந்தப் பக்கம் சின்ன வயதுச் சீன அதிகாரி. மரியாதையாகத்தான் பேசினார். என் இங்கிலீஷ்தான் என்னைக் காட்டிக் கொடுத்தது. நலம் விசாரிக்கப் போனேன் என்று சொல்ல நினைத்து, விசாரணைக்குப் போனேன் என்று சொல்லித் தொலைத்தேன். அவர் அதை எழுதிக்கொண்டார். பதறிப் போய்த் தமிழ் தெரிந்த குமாஸ்தா ஒருவரைக் கூப்பிடச் சொன்னேன்.

"ரொட்டி எதற்குக் கொண்டுபோனீர்கள் என்று கேட்கிறார்" என்றார் குமாஸ்தா.

"எங்க ஊர்ல காய்ச்சல்காரருக்கு ரொட்டிதாங்க குடுப்போம்."

குமாஸ்தா அதைச் சொன்னார். அதிகாரி என்னைப் பார்த்து ஏதோ சொன்னார்.

"தினமும் காலையில் தானும் ரொட்டிதான் சாப்பிடுவதாகச் சொல்கிறார். தனக்கும் காய்ச்சலா என்று கேட்கிறார்."

அந்த அறையில் நாலு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். கடைசியில் அதிகாரி விரலை மடக்கிச் சொன்னார்: சம்பளத்தைப் பிடிக்கக் கூடாது, சீட்டைச் சந்தேகப்படக் கூடாது, வீட்டுக்குப் போகக் கூடாது. மூன்றுக்கும் தலையாட்டினேன். முதல் இரண்டை நான் செய்யவே இல்லை.

எத்திராஜு வெளி வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். தலையைக் குனிந்துகொண்டே பேசினார். "தப்பா நினைக்காதீங்க முதலாளி. லீவு குடுத்தா போதும். வீட்டுக்கெல்லாம் வர வேண்டாம். பொண்டாட்டி ரொம்பப் பயந்துட்டா."

5

வீடு திரும்பும்போது பஸ்ஸில் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. எத்திராஜு மேல் இல்லை, அந்த அதிகாரி மேல்கூட இல்லை. யார் மேல் என்று தெரியாத கோபம் ரொம்பப் படுத்துகிறது. அப்போதுதான் மாமாவின் மில்லுக்கு லேபர் இன்ஸ்பெக்டர் வந்த நாள் நினைவுக்கு வந்தது.

ராமையா தேறி வேலைக்கு வந்த சமயம். கடைகளில் வேலை செய்பவர்களுக்கு நோய் விடுப்புக்குச் சம்பளம் உண்டு என்று நம் ஊரிலும் அப்போதே சட்டம் இருந்திருக்கிறது. எங்களுக்குத்தான் தெரியாது. இன்ஸ்பெக்டர் நாற்காலியில் உட்கார்ந்து, ராமையா படுத்திருந்த நாட்களைக் கேட்டு எழுதிக்கொண்டார்.

"இந்த நாளுக்கெல்லாம் சம்பளம் குடுத்தீங்களா?"

"நான் வீட்டுக்கே போய்ப் பார்த்தேன் சார்" என்றார் மாமா.

"நான் கேட்டது அது இல்ல."

"ரொட்டி, பழம் எல்லாம் வாங்கிட்டுப் போனேன். வேணும்னா அவனையே கேளுங்க."

ராமையாவைக் கேட்டார். ராமையா கையைக் கட்டிக்கொண்டு, "மொதலாளி வந்து பார்த்தாருங்க. அதுக்கு மேல என்னங்க வேணும்?" என்றார். மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். இன்ஸ்பெக்டர் பேனாவை மூடிவிட்டு, இனிமேல் கொடுத்தாக வேண்டும், இந்தத் தடவை எச்சரிக்கையோடு விடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்கு ராமையா சொன்னதைக் கேட்டு எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஆனால் நான் இன்னொன்றையும் கேட்டிருந்தேன். ராமையாவைப் பார்க்கப் போன அன்று குடையை மறந்து வைத்துவிட்டு வந்து, அதை எடுக்க நான் மட்டும் திரும்பிப் போனேன். வேலிக்கு அந்தப் பக்கம் அஞ்சலை பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"பாலு ஒன்கிட்ட கடன், சர்க்கரை கோடி வீட்ல கடன். மொதலாளி வந்து பாக்குறாருன்னு இன்னிக்கு வேலைக்கும் போகல. ரொட்டிய வச்சு நான் என்ன பண்ணுவேன், அதுக்குத் தொட்டுக்கப் பால் வேணுங்குது இந்த மனுஷன்."

குடையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். மாமாவிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் உடைந்து போயிருப்பார். அவருடைய அன்பில் ஒரு குன்றிமணி அளவுகூடப் பொய் கிடையாது.

அதற்குப் பிறகு மாமா சட்டப்படி நடந்தார். எப்படி நடந்தார் தெரியுமா? இரண்டு பேருக்கும் நோய்ச் சம்பளம் கொடுத்துப் பதிலுக்கு வேறு ஆளும் போட்டால் கட்டுப்படியாகாது என்று சின்னத்தம்பியை நிறுத்திவிட்டார். சின்னத்தம்பி ஜீயபுரத்திலேயே வாழைக்கொல்லைக் கூலி வேலைக்குப் போனார். மூட்டையை மாமாவே தூக்கினார், மிளகாய் நெடியில் அவரே இருமினார். நோய் விடுப்பு வந்த பிறகு ராமையாவுக்குக் காய்ச்சலே வரவில்லை. அதாவது, வந்தது. கண் சிவக்க, பல்லைக் கடித்துக்கொண்டு மிஷினில் நின்றார். சின்னத்தம்பி போனதை அவர் பார்த்தவர் அல்லவா. மாமாவோ என்னிடம், "பார்த்தியாடா ராசு, சம்பளம் உண்டுன்னு சொன்னதும் நோயே ஓடிப்போச்சு" என்றார். கேலியாகச் சொல்லவில்லை, நிஜமாகவே நம்பினார்.

இதில் யார் நல்லவர், எது நல்லது? இன்ஸ்பெக்டர் சொன்னது நியாயம். மாமாவின் கண்ணீரும் நிஜம். நடுவில் சின்னத்தம்பி எதற்காகச் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார்? எனக்கு இன்று வரை பிடிபடவில்லை.

6

"ஒரு ஆள் போதுங்க" என்றாள் கமலா. "எத்திராஜுவ நிறுத்திடுங்க. இந்த வருஷம் மட்டும் எத்தன சீட்டு குடுத்துட்டாரு? போதாததுக்குப் போலீஸ் மாதிரி கூப்பிட்டு வேற விசாரிக்கிறாங்க."

"அது அவரோட ரைட் அம்மா" என்றாள் எங்கள் பெண் மீனா, பாடப் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல். இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். "அப்பா அங்க போனதே ராங். மத்தவங்க வீட்டுக்குச் சொல்லாம எப்படிப் போகலாம்?"

"உனக்குக் காய்ச்சல் வந்தப்ப உன் டீச்சர் வந்து பார்த்தா சந்தோஷப்பட மாட்டியா?" என்று கேட்டேன்.

மீனா உண்மையாகவே யோசித்தாள். "டீச்சர் வீட்டுக்கு வந்தா ஏதோ பெரிய பிரச்சனைன்னு அர்த்தம் அப்பா" என்றாள்.

என் மகள் எந்த ஊரில் வளர்கிறாள் என்று அந்த நிமிஷம்தான் எனக்குச் சரியாகத் தெரிந்தது. பயமாகவும் இருந்தது. ஆனால் அவள் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. அஞ்சலையைக் கேட்டிருந்தால் அவளும் இதையேதான் சொல்லியிருப்பாளோ என்னவோ.

எத்திராஜுவை நிறுத்தினால் கையைக் கடிக்காது. மூட்டை தூக்க எனக்கு இன்னும் தெம்பு இருக்கிறது. சட்டத்திலும் அதற்கு வழி இருந்தது. முறைப்படி முன்கூட்டிச் சொன்னால் போதும். இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டு மிஷின் பக்கத்தில் நின்றேன். எத்திராஜுவும் ஏதோ மோப்பம் பிடித்துவிட்டார். லேசாக இருமல் வந்தாலும் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய் இருமிவிட்டு வந்தார். அதைப் பார்த்ததும் ராமையாவின் சிவந்த கண் என் முன்னால் வந்து நின்றது. அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகாது. தாராளமா இருமுங்க" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "சரி முதலாளி" என்றார்.

வீட்டுச் செலவைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்தோம். ஊருக்குப் போகச் சேர்த்து வைத்திருந்ததில் கைவைத்தோம். கமலா ஒரு வாரம் பேசவில்லை.

7

அடுத்த மாதமே எத்திராஜுவைக் குடல்வால் அறுவை சிகிச்சைக்காகப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வலி தாங்காமல் தரையில் புரண்டாராம். தகவல் அவர் மைத்துனர் மூலமாக வந்தது. "சீட்டு பின்னால வரும்" என்றார் அவர், முறைத்தபடி.

நான் எல்லாவற்றையும் சட்டப்படி செய்தேன். தினக்கூலி ஆளை வைத்தேன். சம்பள நாளன்று எத்திராஜுவின் முழுச் சம்பளத்தையும் உறையில் போட்டு அவர் வீட்டுக்கு அனுப்பினேன். நான் போகவில்லை, இன்னொரு வேலையாளிடம் கொடுத்து அனுப்பினேன். தினமும் நான் போகும் பஸ் அந்த ஆஸ்பத்திரி வாசலில் நின்றுதான் போகும். ஆட்கள் தூக்குச்சட்டியும் பூவுமாக இறங்குவார்கள். ஒரு நாள் நானும் எழுந்து படி வரைக்கும் வந்துவிட்டேன். கண்டக்டர் இறங்கப் போகிறேனா இல்லையா என்று பார்த்தார். அதிகாரி மடக்கிய மூன்றாவது விரல் நினைவுக்கு வந்தது. திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டேன்.

"ஒரு எட்டுப் போய்ப் பார்த்துட்டு வரக் கூடாதா?" என்றாள் கமலா. அவரை நிறுத்தச் சொன்ன அதே கமலா.

"வர வேண்டாம்னு அவரே சொல்லியிருக்காரு."

"அது காய்ச்சலுக்குச் சொன்னது."

எது எதற்குச் சொன்னது என்று எங்கே எழுதி வைத்திருக்கிறது? எனக்குத் தெரிந்தால் போயிருக்க மாட்டேனா?

இந்தத் திங்கட்கிழமை எத்திராஜு வேலைக்கு வந்தார். ஆள் பாதியாகிவிட்டார். ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்துக் கல்லாப் பெட்டி மேல் வைத்தார்.

"சம்பளம் முழுசா வந்துச்சு முதலாளி. நன்றி."

"கனமெல்லாம் தூக்க வேண்டாம். ஒரு மாசத்துக்குச் சலிக்கிறத மட்டும் பாருங்க."

தலையாட்டினார். ஆனால் நகரவில்லை. சல்லடையை எடுத்துத் தட்டிவிட்டு, என்னைப் பார்க்காமலே பேசினார்.

"பக்கத்துக் கட்டில்ல ஒரு சீனக் கிழவரு. தச்சு வேலை செய்யிறவரு. அவரோட முதலாளி ரெண்டு தடவ வந்து பார்த்தாரு. என்கிட்டயும் பேசினாரு. எங்க வேலைன்னு கேட்டாரு, மாவு மில்லுன்னு சொன்னேன். உன் முதலாளி வரலையான்னு கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஊருக்குப் போயிருக்காருன்னு சொன்னேன்."

சொல்லிவிட்டு அவர் மல்லி மூட்டைப் பக்கம் போய்விட்டார். இந்த மில் ஆரம்பித்ததிலிருந்து நான் ஒரு தடவைகூட ஊருக்குப் போனதில்லை. அது அவருக்கும் தெரியும்.